துணி இல்லாத தையல் வகுப்பு

மூன்று தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் துணி இல்லை, நூலும் இல்லை.

உதவி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வகுப்பை நடத்தும் அக்கா அவசரமாக எழுந்து வந்தாள். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள் என்று யார் கண்டது?

“நாலு மாசமா ஒரு சட்டைகூட தைக்கல. இதை மூடாம எப்படிம்மா நடத்தச் சொல்றது?” என்றார் மேடம்.

அக்கா உள்ளறைத் திரையை விலக்கினாள்.

பாயில் நான்கு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெயில் அவர்கள் காலில் போர்வை போலக் கிடந்தது.

பிறகு தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் வந்தவளிடம் வக்கீல் பார்த்துத் தருகிறோம், டாக்டரிடம் கூட்டிப்போகிறோம் என்று இவள் ஆசையாய் அடுக்கிக்கொண்டே போனாளாம். அதெல்லாம் அப்புறம், அடிக்க ஆள் வராத இடத்தில் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும் என்றாளாம் அவள். வீடு நிசப்தமானால் அடுத்து அடிதான் என்று பழகியவள். சத்தம் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும் என்பதால் மெஷினை ஓட்டிவிட்டார்கள். இப்போது பாதிப் பேர் மிதிக்க, பாதிப் பேர் தூங்க, முறை மாற்றிக்கொள்கிறார்கள். தூங்கித் தெளிந்த இரண்டு பேர் தாங்களாகவே வக்கீலையும் கேட்டார்கள்.

தையல் வகுப்பு என்று சொல்லித்தான் எல்லோரும் வீட்டிலிருந்து வருகிறார்கள்; தைத்ததைக் காட்டு என்று எந்தப் புருஷனும் இதுவரை கேட்டதில்லை. பெண்டாட்டி கையால் என்ன வந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்.

மேடம் படிவத்தைப் பிரித்தார். ‘தைத்த உருப்படிகள்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. அங்கே ஒரு பூஜ்யம் விழுந்தால் நாளையே கதவுக்குப் பூட்டு. இந்தச் சத்தத்தில் யோசிக்கவே முடியவில்லை, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

“நிறுத்தினா முழிச்சிடுவாங்க மேடம்.”

சரி என்று நாற்காலியில் உட்கார்ந்தார். கடகடவென்ற சத்தம் ஒரே சீராய் ஓடியது. அறையே எங்கோ மெல்ல நகர்ந்து போவது போலிருந்தது. பேனா சாய்ந்தது, பிறகு தலையும் சாய்ந்தது. அட, மேடம் தூங்கியேவிட்டார்.

மிதித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருத்தியின் முழங்கை பட்டுக் கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

மேடம் கண் திறக்கவில்லை. இரண்டு கைகள் மட்டும் சட்டென்று எழுந்து அவர் முகத்தை மறைத்துக்கொண்டன.

சிரிப்பு நின்றது.

அக்கா சும்மா கிடந்த நான்காவது மெஷினில் போய் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள்.