இனியா மேலே வரும் நாள்

சாந்தாமணி கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். முடிவு செய்வதில் எனக்கு என்றைக்குமே குறைச்சலில்லை.

“ஏனுங்க டீச்சர், இன்னைக்கு மேல வந்துட்டாளுங்களா?”

வந்துட்டாளா என்றுதான் கேட்பாள். உண்மையில் அது ஒரு மிதவைக் கருவி. ஆள் உயர மஞ்சள் உருளை. கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை போய், சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டு, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வரும். செயற்கைக்கோளுக்குத் தகவல் சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிடும்.

அதைக் கடலில் விட்டது எங்கோ ஒரு தீவில் இருக்கும் பல்கலைக்கழகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கடல் தெரியட்டும் என்று, மிதவைகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை அவர்களிடமே விட்டார்கள். அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் அஃப்ஷீன் கோயமுத்தூர் உக்கடத்துக்காரி. அதனால்தான் கடலையே பார்த்திராத எங்கள் காங்கேயம் பிள்ளைகளுக்கும் ஒரு மிதவை கிடைத்தது.

எட்டாம் வகுப்பில் சீட்டுக் குலுக்கினோம். எல்லோரும் கடல்ராணி, அலைமகள் என்று எழுதியிருக்க, ஒருத்தி மட்டும் வெட்கமே இல்லாமல் தன் பெயரையே எழுதிப் போட்டிருந்தாள். வந்தது அந்தச் சீட்டுதான். மிதவை இனியா ஆனது.

அடுத்த வருடம் டெங்குக் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் இனியா போய்விட்டாள். மிதவை இருந்தது.

அன்றிலிருந்து அவள் அம்மா சாந்தாமணி பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறாள். தேங்காய்க் களத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள். எங்கே இருக்கிறாள், அடியில் எவ்வளவு குளிர் என்று கேட்டுக்கொண்டு போவாள். மூன்று வருடமாக ஒரு முறைகூடத் தவறியதில்லை.

நாற்பது நாளைக்கு முன்னால் மிதவை மேலே வரவில்லை.

பேட்டரி தீர்ந்திருக்கும், நாலு வருடம் உழைத்ததே பெரிது என்று அஃப்ஷீன் போனில் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சாந்தாமணி நிற்கிறாள். வந்துவிட்டாள், கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கிறாள் என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

நான் புவியியல் டீச்சர். பொய் என்றாலும் கண்டபடி சொல்ல மனம் வரவில்லை. போன வருடம் இதே வாரத்தில் மிதவை அனுப்பியிருந்த அளவுகளைத் தேடி எடுத்து, பருவத்துக்குப் பொருத்தமாகச் சொன்னேன். அப்படி நான்கு முறை சொல்லியாயிற்று. நான்கு முறையும் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

இனிமேல் முடியாது. வருகிற திங்கட்கிழமை அஃப்ஷீனே பள்ளிக்கு வருகிறாள். பிள்ளைகளுக்குக் கடல் படம் காட்டிப் பேசிவிட்டு, இனியாவின் அப்பா அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, மிதவை பணி முடித்ததற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போகிறாளாம். மகள் இரண்டாம் முறையும் போய்விட்ட சேதியை அந்தத் தாய் மைக்கில் கேட்கக் கூடாது.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஃபேனைக் கூட்டி வைத்தேன். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“இனியாம்மா, ஒண்ணு சொல்லோணுங்க” என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். அவள் அழுதால் எப்படித் தேற்றுவது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தவள் நான். இப்போது நான்தான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தேன்.

சாந்தாமணி எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கையில் தேங்காய் வாசம் அடித்தது.

“அழுவாதீங்க டீச்சர். நீங்க சொல்ற கணக்கையெல்லாம் எங்கூட்டுக்காரரு காலண்டர்ல எழுதி வெச்சுக்குவாருங்க. போன வருசம் எழுதுனதும் இப்பச் சொல்றதும் ஒண்ணாட்டவே இருக்குதுன்னு ரெண்டாந் தடவையே கண்டுபுடிச்சுப்போட்டாரு. நின்னு போச்சுன்னு எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க.”

தெரிந்துகொண்டுமா இந்த வெயிலில், வேலையையும் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். சொன்னால் நான் தப்பாக நினைத்துக்கொள்வேனோ என்ற தயக்கம் அது.

“நான் வராம இருந்துட்டா, பொய்யின்னு தெரிஞ்சு போச்சாட்ட இருக்குதுன்னு உங்களுக்குச் சங்கடமாப் போயிருமுங்களே. ‘டீச்சரம்மா அந்தப் புள்ள மேல உசுரா இருந்தவங்க, அவங்களுக்குத் தானா மனசு தேறி வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நீ போய்க் கேட்டுட்டு வா’ன்னு அவருதானுங்க பஸ் ஏத்தி உடுவாரு.”

திங்கட்கிழமை விழாவைப் பற்றி எப்படியோ சொல்லி முடித்தேன். ரெண்டு பேருமே வாரோமுங்க என்றாள்.

அப்புறமும் அவள் உடனே கிளம்பவில்லை. ஸ்டூலை என் பக்கத்தில் நகர்த்திப் போட்டு, நான் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.