நீர்த்துப்போன கஸ்டர்டு

கஸ்டர்டு தண்ணீராகக் கிடந்தது.

தேனம்மை கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். மோர் மாதிரி விளிம்புவரை ஓடி வந்தது. அளவு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை சீக்கிரம் முடிந்து, மூன்று மணி வெயிலில் பஸ் பிடித்துக் கானாடுகாத்தானில் வந்து இறங்கியவளுக்குக் கோபப்பட இதுவே போதுமாக இருந்தது.

"மாரீஸ்வரி, கிண்டுன கரண்டிய வாயில வச்சுட்டு மறுபடி உள்ள விட்டியா?"

கேட்டது சும்மா இல்லை. தேனம்மை பிளஸ் ஒன்னுக்கு உயிரியல் எடுப்பவள். பதினோரு வருஷமாகப் பிள்ளைகளைச் சோதனைக் குழாயில் துப்பச் சொல்லி, கெட்டிக் கஞ்சி இளகுவதைக் காட்டி வருகிறாள். உமிழ்நீரில் அமைலேஸ் என்றொரு நொதி இருக்கிறது. துளி போதும். வயிற்றுக்குள் போகும்வரை காத்திருக்காமல் கிண்ணத்திலேயே, கஸ்டர்டைக் கெட்டியாக்கும் மாவுச்சத்தை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்கும், தான் மட்டும் துளியும் தேயாமல் அடுத்ததை வெட்டப் போய்விடும். அந்த ஒரு வகுப்பில்தான் கடைசி பெஞ்சும் தூங்குவதில்லை.

வீட்டில் இத்தனை விளக்கம் கிடையாது. எச்சில் படுத்தக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். சமையலையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் மாரீஸ்வரிக்கு அது நன்றாகத் தெரியும்.

"சத்தியமா வாயில வைக்கல ஆச்சி. அந்த எசன்ஸ் வாடையே எனக்கு ஆகாது."

கூடத்தில் அவளுடைய மூன்று வயது மகள் தீக்ஷா குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறக்கும்போதே அவளுக்கு உணவுக்குழாய் பாதியில் நின்றிருந்தது. சாப்பாடெல்லாம் வயிற்றில் போட்ட டியூப் வழியாகத்தான். விழுங்கிய எச்சில்கூட உள்ளே போகாமல், கழுத்தோரம் போட்ட துளை வழியே வெளியே வழியும். போன தையில் மதுரையில் ஆபரேஷன் செய்து, குழாயைச் சேர்த்துத் தைத்துத் துளையையும் மூடிவிட்டார்கள்.

வழி திறந்துவிட்டது. பிள்ளைக்குத்தான் வாய் எதற்கென்று தெரியவில்லை. ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டாயப்படுத்தினால் காலத்துக்கும் பயந்துபோவாள், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு எல்லாரும் ஒதுங்கிப் போங்கள் என்றார் டாக்டர்.

வைத்தார்கள். இரண்டு மணிக்கு மாரீஸ்வரி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஐந்து மணிக்குத் தேனம்மை வந்து பார்த்தால் கஸ்டர்டு ஆடை கட்டி இறுகியிருக்கும், ஸ்பூன் குத்திட்டு நிற்கும். முப்பத்தேழு நாள் இதே கதைதான். நேற்று அந்த ஆடையைப் பார்த்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நாளையிலிருந்து வைக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மனசு கேட்கவில்லை.

மாரீஸ்வரி பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் யார்?

கணவன் அழகு கோயம்புத்தூரில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பூனை வந்திருக்கலாம். தேனம்மை அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், ஒரு நிமிஷம்தான். பூனையின் எச்சிலில் அமைலேஸ் கிடையாது. பூனை நக்கினால் கஸ்டர்டு குறையுமே தவிர நீர்க்காது.

வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் குனிந்தாள். மூச்சில் வெனிலா வாசம் அடித்தது. கீழுதட்டு ஓரத்தில் கடுகளவு மஞ்சள் காய்ந்திருந்தது.

தேனம்மை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்திரியும் பகலுமாக எத்தனை துண்டில் துடைத்துப் போட்ட எச்சில். ஒரு வேலையும் இல்லாமல் மூன்று வருஷம் வழிந்துகொண்டிருந்தது, இன்றைக்கு ஒரு கிண்ணத்தையே செரித்துப் போட்டிருக்கிறது.

"பிள்ள வாயில வச்சிருக்கா மாரீஸ்வரி. இது அவ எச்சி" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று இரண்டையும் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

மாரீஸ்வரி கிண்ணத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வையாதீக ஆச்சி. நாலு நாளாவே இப்பிடித்தான் நீத்துப்போகுது. புதுப் பாக்கெட்டு மாவு சரியில்லபோல, நீங்க வைவீகன்னு, நீங்க வர்றதுக்குள்ள கொட்டிப்புட்டு வேற கிண்டி வச்சேன். நேத்து நீங்க பாத்தது அதுதான்."