வலிக்குமோ?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஒரு முழம் பூ கேட்டால் சந்தைக்குப் போகிற அன்றைக்குப் பார்க்கலாம் என்கிற கை அது.

அவள் பெயர் ஜிஸ்மி. அரை மணி நேரத்துக்கு முன்னால் அப்படி ஒருத்தி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மஸ்கட்டில் இருக்கும் மகன் கௌசிக்கைப் பார்க்க, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பி வந்து, ஏர்போர்ட்டில் பைகளைச் சோதிக்கிற வரிசையில் நின்றோம். இவர் சட்டைப் பையிலிருந்த லைட்டரை வாங்கித் தொட்டியில் போட்டார்கள். கையில் நெருப்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாதாம்.

எங்களுக்கு முன்னால் நின்றவள்தான் ஜிஸ்மி. அவளிடம் பேனா மாதிரி ஒரு வேப், அதாவது மின்சார சிகரெட் இருந்தது. ஊதினால் மாம்பழ வாசனை வருமாம். நம் நாட்டில் அதற்குத் தடை, பையிலும் கூடாது பெட்டியிலும் கூடாது என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

போதாதா? பறிகொடுத்தவர்கள் இரண்டு பேருக்கும் அங்கேயே பழக்கம் பிடித்துக்கொண்டது. சிரித்துப் பேசிக்கொண்டே, புகைக்கிறவர்களுக்கென்று இருக்கும் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்கள். நான் வெளியே பைகளுக்குக் காவல்.

அந்த அறையின் சுவரில் சிகரெட் பற்றவைக்க ஒரு கருவி இருந்தது. அன்றைக்குப் பார்த்து அது வேலை செய்யவில்லை. லைட்டர் யாரிடமும் கிடையாது. ஒருவருடைய சிகரெட்டிலிருந்துதான் அடுத்தவர் பற்றவைத்துக்கொள்ள வேண்டும்.

யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரரிடம் என் வீட்டுக்காரர் நெருப்பு வாங்கினார். என் வீட்டுக்காரரிடம் ஜிஸ்மி வாங்கினாள்.

சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். இவரும் குனிந்தார். ஏதோ புயலடிக்கிற மாதிரி கையைக் குவித்து வேறு பிடித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது.

அவர் சிகரெட் குடிப்பது எனக்குத் தெரியாததில்லை. சாப்பிட்டு முடித்ததும் தென்னந்தோப்புக்குப் போய்த் தனியாக நின்று குடிப்பார். பக்கத்தில் போனால், புகை, தள்ளிப் போ என்பார். முப்பத்தொரு வருசமாகத் தள்ளித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இவளைத் தள்ளிப் போகச் சொல்லக் காணோம்.

அவள் ஒன்றும் பெரிய அழகி இல்லை. அழகியாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி நின்று, புகையை விட்டுக்கொண்டு, அவர் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிறாளே, அந்த இடம்தான் என்னை அரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடம் எனக்கு வேண்டும்.

இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

கதவருகே ஏர்போர்ட் சீருடையில் ஒரு பெண் நின்றாள். நிமி என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. சிகரெட் பழக்கம் இல்லாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது அவளுக்கு உத்தரவு. கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சேச்சி வலிக்குமோ?"

மலையாளத்தில் புகை பிடிப்பதை வலிப்பது என்றுதான் சொல்வார்கள்.

"வலிக்கும்" என்றேன்.

அது உள்ளே என் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கதவுக்கு வந்தார். தமிழ்க்காரி, நீ கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள், மூட்டு வலியைச் சொல்கிறாள் என்று நிமிக்கு மலையாளத்தில் விளக்கினார். ஜிஸ்மி அங்கிருந்தே பாவம் என்றாள். நிமி எனக்கு நாற்காலியைக் காட்டினாள்.

பத்தாம் வகுப்பு வரை நான் மலையாளத்தில் படித்தவள். பஞ்சாயத்திலிருந்து கடிதம் வந்தால் அவருக்குப் படித்துச் சொல்வதே நான்தான்.

உட்காரவில்லை. நிமியைத் தாண்டி உள்ளே போய், அவருக்கும் ஜிஸ்மிக்கும் நடுவில் நின்றேன். ஜிஸ்மி மரியாதையாக ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, எனக்கொண்ணு குடுங்க."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். நாலு பேர் பார்க்கிறார்கள் அல்லவா, அவரும் விளையாட்டாகவே ஒன்றை எடுத்து நீட்டினார். வாயில் வைத்துக்கொண்டு குனிந்தேன். அவரும் குனிந்துதான் ஆகவேண்டியிருந்தது. கையைக் குவிக்கவில்லை. பரவாயில்லை, பற்றிக்கொண்டது.

நன்றாக உள்ளே இழுத்து, நிதானமாக மூக்கு வழியாக விட்டேன்.

எனக்கு இருமல் வரும் என்று காத்திருந்தார். முதுகில் தட்டுவதற்குக் கையைக்கூடத் தூக்கி வைத்திருந்தார். இருமல் வரவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது.

இரண்டாவது தடவையும் இழுத்தேன். அவ்வளவு பக்கத்தில் நின்று அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. சந்தோசமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்ப ஆறுச்சாமி எடுக்கலையா?" என்றார் மெதுவாக.

ஆறுச்சாமி எங்கள் தோப்பில் பதினாறு வருசம் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் சிகரெட் குறைந்துகொண்டே இருக்கிறது என்று போன வைகாசியில் இவர் அவரைத் திட்டி, வேலையிலிருந்து நிறுத்தினார். தான் எடுக்கவில்லை என்று அந்த மனுசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.