காய்க்க விடாத அத்தி

“இந்த வருஷமும் பிஞ்சைக் கிள்ளிட்டீங்களா? மூணு வருஷம் கிள்ளினாலே வேர் பிடிச்சுடும். அஞ்சு வயசு மரத்துக்கு இன்னும் பால்புட்டியா? அய்தின் ஊரே சிரிக்குதுங்க!”

கணவர் ஜெவாத்திடம் சீறினாள் நெரிமான்.

“வேர் இன்னும் இளசுடி.”

“முதல் பழம் பழுக்கிறப்ப வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தானே நம்ம புள்ள கப்பல் ஏறினான்? காய்க்க விடுங்க.”

ஜெவாத் தலைகுனிந்தார். அந்தக் கப்பல் மூழ்கியதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் விடிகாலையில், மிச்சமிருந்த பிஞ்சுகளைக் கிள்ளத் தோட்டத்துக்குப் போனார். அங்கே நெரிமான், விரல்களில் அத்திப்பால் வழிய, மடி நிறையப் பிஞ்சுகளோடு நின்றிருந்தாள்.

“நீயுமா?”

“கப்பல் சேதி எனக்கும் எப்பவோ தெரியுங்க. உங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்தேன். பழுத்துட்டா, அவன் வரலைன்னு ஆயிடுமே!”