ஜோடிப் படம்

ஐம்பத்தெட்டிலேயே பென்ஷன் வாங்கலாம். அறுபதுவரை பொறுத்தால் சற்று அதிகம் கிடைக்கும். "பொறுத்து என்னத்தக் கண்டோம்? இப்பவே எழுதிக் குடுங்க" என்று அடம்பிடித்தாள் மனைவி பூங்கோதை. விண்ணப்பத்தில் இருவரும் சேர்ந்த படம் ஒட்ட வேண்டும் என்றதும் அதற்கென்றே சேலை ஒன்று எடுத்தாள்.

அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்க, கருமாதி முடிந்த மறுவாரம் தணிகாசலம் மட்டும் ஸ்டுடியோவுக்கு வந்தார். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தனிப் படம்தானே சார்? நடுவுல வாங்க" என்றான் படம் எடுப்பவன்.

அவர் நகரவில்லை.

"கொஞ்சம் தள்ளி வாங்க சார்."

பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு எழுந்தார்.

"வேணாம் தம்பி. ரெண்டு வருஷம் பொறுத்தா கூட வருமாம்."