பள்ளிக்கூடம் முழுக்க ஒரே படம்

பெஞ்சை உடைத்தது நான்தான்.

குரூப் போட்டோவுக்குக் கடைசி வரிசையில் ஏறி நின்றேன். உயரமானவர்கள் பின்னால் நிற்க வேண்டுமாம். கனமானவர்கள் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லவில்லை.

டமால்!

பக்கத்தில் நின்ற மூன்று பையன்களும் அறிவியல் டீச்சரும் என்னோடு சேர்ந்து சரிந்தார்கள். கணக்கு வாத்தியாருக்குத் தன் எடையையே கணக்குப் போடத் தெரியவில்லை என்று இனி ஊர் சிரிக்கும்.

"பரவாயில்ல, எல்லாரும் தரையிலயே நில்லுங்க சார். கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னா கூட்டமாத் தெரியும்" என்றார் போட்டோக்காரர்.

முன்பெல்லாம் பத்தாம் வகுப்பே ஒரு படத்தில் அடங்காது, இரண்டு படம் எடுப்பார்கள். இந்த முறை தலைமையாசிரியை பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே படத்தில் நிற்கச் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பு முதல் வாட்ச்மேன் வரை. அப்படியும் இரண்டு ஓரத்திலும் சுவர்தான் தெரிந்தது.

கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்தவன் நான். பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று வாண்டுகள் கதவைச் சாத்தின. செருப்புத் தேய்ந்ததற்குக் கிடைத்தது ஒரே ஒருத்தி.

தையல்காரர் மகள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் காஜா எடுக்க உட்கார வைத்திருந்தார்கள்.

"பக்கத்துலன்னா அனுப்புறேன். ரெண்டு பஸ் மாறிப் போற பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் சார்" என்றார் அப்பா.

பத்தாவது முடிக்கும்வரை இங்கேயே படிப்பாள், அதற்கு நான் பொறுப்பு என்று அவருடைய தையல் மிஷின்மேல் கையடித்துச் சத்தியம் செய்தேன்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு முழுவதும் சேர்த்து அரை வரிசைதான். அதில் முன்னால் நின்று, தானே தைத்த காலரை நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மண்ணைத் தட்டிக்கொண்டு தலைமையாசிரியை பக்கத்தில் போய் நின்றேன். இந்த ஆண்டு எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பாப்போம் சார்." கூரை ஒழுகினாலும் பாப்போம். சாக்பீஸ் தீர்ந்தாலும் பாப்போம்.

"மேடம், அடுத்த வருஷத்துக்குப் புது பெஞ்ச் கேட்டு எழுதிடட்டுமா?"

போட்டோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். தலைமையாசிரியை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கலைக்காமலே, கேமராவைப் பார்த்தபடி சொன்னார்:

"வேண்டாம் சார். இந்த வருஷத்தோட மூடுறாங்க. நீங்க அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."