சொந்த அனுபவம்

"வாக்கை வித்துப் பிழைக்கிறவன்..." என்று அப்பா ஒன்று சொல்வார். அவனுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீதியில் பதரோ என்னவோ வரும்.

வேலை போய், அஃபிலியேட் மார்க்கெட்டிங் கற்றுக்கொள்ள உட்கார்ந்த அன்றுதான் அவனுக்கு அது நினைவுக்கு வந்தது. ஆன்லைனில் பாடம் எடுத்தவர் அடித்துச் சொன்னார்.

"அடிப்படையை விட்டுடாதீங்க. ஒரே துறையைப் பிடிங்க. ஒரு பொருளைப் பத்தி எழுதுங்க, கீழே கடையோட லிங்க்கை வைங்க. உங்களை நம்பி அதை அழுத்தி வாங்கினா கமிஷன் உங்களுக்கு. சொந்த அனுபவமா இருக்கணும், அதுதான் முக்கியம். ஜனங்க பொருளை வாங்கறதில்லை சார், நம்பிக்கையைத்தான் வாங்கறாங்க."

முதலில் இயர்போன், கைக்கடிகாரம் என்று எழுதிப் பார்த்தான். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அவனுக்கு இருந்த ஒரே சொந்த அனுபவம், படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடைசிவரை கூட வைத்துப் பார்த்துக்கொண்டது. அதை எழுதினான். படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தையைப் பற்றிய கட்டுரை பிய்த்துக்கொண்டு ஓடியது. 'உங்களைப் போல ஒரு பிள்ளை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்' என்று முகம் தெரியாதவர்கள் கீழே எழுதினார்கள். வீட்டு வாடகை இப்போது அந்தக் கட்டுரையில்தான் ஓடுகிறது.

காலையில் அக்கா போன் செய்தாள்.

"படுக்கையில கிடக்கற உன் அத்தானுக்கு நீ எழுதின அந்த மெத்தையைத்தான் வாங்கிப் போட்டேன். நேர்ல வந்து பேசறேன்."

குரல் சரியில்லை. அவன் பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

"சண்டைக்குத்தான் வர்றா," என்றான் மனைவியிடம். "அப்பா கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவ, மெத்தைன்னதும் ஓடி வர்றா பாரு."

"அண்ணிக்கு அப்ப லீவு கிடைக்கலைங்க."

"உனக்கு எல்லாரும் பாவம்தான். மெத்தை ரிப்பேர்னா கடையைக் கேட்கணும். நானா வித்தேன்? கை காட்டினேன், அவ்வளவுதான்."

"கை காட்டறதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அக்கா வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போனைத் திறந்து ஒரு படத்தை நீட்டினாள். அத்தானின் முதுகு.

"பார்த்தியா தம்பி?"

பார்த்தான். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதோ பாரு அக்கா, கடைக்காரன்கிட்ட நான் வேணும்னா..."

"கடைக்காரனை ஏன் இழுக்கறே? தப்பு என்மேல."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீ எழுதினது எனக்கு மனப்பாடம். 'அப்பா கடைசி மூச்சுவரை இதில்தான் படுத்திருந்தார், முதுகில் ஒரு சிவப்புகூட விழவில்லை.' படிச்சுட்டு அன்னைக்கு முழுக்க அழுதேன். பெத்த பொண்ணு நான் வரல. நீ எப்படிப் பார்த்திருக்கே! அதே மெத்தை, என் கைக்கு வந்ததும் இவர் முதுகுல புண்ணு குழி விழுந்துடுச்சு. அப்ப யார் மேல தப்பு?"

"அப்படியெல்லாம் இல்ல அக்கா..."

"உன் அத்தானுக்கு உடம்புதான் விழுந்துச்சு, வாய் விழலை. 'போ, உன் தம்பிகிட்ட ட்யூஷன் படிச்சுட்டு வா'ன்னு அனுப்பினார்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில சேருங்கறார். விட்டா விஷம் ரத்தத்துல ஏறிடுமாம். நான்தான், என் தம்பிக்குத் தெரியும், கேட்டுட்டு வந்துடறேன்னு தள்ளிப் போட்டிருக்கேன்."

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மெத்தைக்குக் காத்தடிக்கிற அந்தப் பெட்டியில ஒரு திருகு இருக்குல்ல, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்? நான் நாலுல வெச்சிருந்தேன். நீ அப்பாவுக்கு எதுல வெச்சே?"

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள்.

அப்பாவின் முதுகுப் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டுப் போட்டவள் அவள்தான். பழைய பஞ்சு மெத்தையில்தான் அவர் கிடந்தார், அதிலேயேதான் போய்ச் சேர்ந்தார். காற்று மெத்தை என்ற ஒன்றை அந்த வீட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

"சொல்லு தம்பி. வீடா, ஆஸ்பத்திரியான்னு உன் வார்த்தையை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

"மூணு," என்றான்.

அக்காவின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா! இதுக்குப் போய் நான்..." அவன் கையை இறுகப் பிடித்தாள். "அப்பா கொடுத்து வெச்சவர்டா."

பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

"ஓடிப் போய்ச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "அண்ணி இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாங்க."

அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கட்டுரையைத் திறந்து, லிங்க்குக்கு மேலே ஒரு வரி சேர்த்தான்:

'சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், காற்றை மூன்றில் வையுங்கள்.'